ஆல்புமின் குறைந்தால் முட்டையா?

டீ ஆறட்டும், அதற்குள் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்ப்போம். க்ரோன் நோய் உள்ள ஒரு கல்லூரிப் பையனுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 9.4, ஆல்புமின் 2.7, இரண்டும் குறைவு. சி.ஆர்.பி. 62, அது அதிகம். இரண்டு மாதத்தில் நான்கு கிலோ இளைத்திருக்கிறான். வீட்டில் யார் பார்த்தாலும் ஒரே தீர்ப்புதான்: பையன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. மறுநாள் காலையிலிருந்து முட்டை வெள்ளைக்கரு, முருங்கைக்கீரை சூப், பேரீச்சம்பழம் என்று வைத்தியம் தொடங்கிவிடும். அன்பில் குறையில்லை. ஆனால் அந்தத் தாள் சொல்வது வேறு கதை.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். ஐ.பி.டி. எனப்படும் குடல் அழற்சி நோயில் இரண்டு முக்கிய வகைகள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்பூச்சோடு நின்றுவிடும். க்ரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற கடைசிப் பகுதிதான் அது அடிக்கடி பிடிக்கும் இடம். 1932-ல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பரில் க்ரோனும் இரண்டு சகாக்களும் விவரித்ததும் அந்தப் பகுதியில் வந்த நோயைத்தான். (நம் நாட்டில் குடல் காசநோயும் அதே இடத்தில் ஏறக்குறைய அதே முகத்தோடு வரும். மருத்துவர்கள் சிகிச்சை தொடங்கும் முன் ஏன் இத்தனை டெஸ்ட் எழுதுகிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இது ஒரு காரணம்.)

அழற்சி என்றால் உடலின் எதிர்ப்பு அணுக்கள் ஓரிடத்தில் குவிந்து சண்டை போடுவது. காயம் பட்டால் சண்டை நாலு நாளில் ஓயும். ஐ.பி.டி.யில் ஓய்வதில்லை. அந்த அணுக்கள் சைட்டோகைன் என்கிற சிறிய புரதங்களைச் சுரந்து ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. டி.என்.எஃப்., ஐ.எல்.-6 என்று அவற்றுக்குப் பெயர்கள். இந்தச் செய்தி குடலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து கல்லீரல், மூளை, தசை எல்லாவற்றுக்கும் போய்ச் சேருகிறது. நம் தாளில் உள்ள எண்கள் அங்கே என்ன நடந்தது என்பதற்கான கணக்கு.

இப்போது கல்லீரல். அதைத் தெருமுனைத் தையல்கடை என்று நினைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அந்தக் கடையின் பெரிய வேலை ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைத் தைப்பது, நாளுக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் வரை. தீபாவளி நெருங்கினால் தையல்காரர் என்ன செய்வார்? பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணியை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பண்டிகை உருப்படிகளில் இறங்கிவிடுவார். ஐ.எல்.-6 வந்து சேர்ந்ததும் கல்லீரலும் அப்படித்தான். அவசர ஆர்டர்களை எடுத்துக்கொள்கிறது, அவற்றில் ஒன்றுதான் சி.ஆர்.பி. என்ற புரதம். ஆல்புமின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. யூனிஃபார்ம் இன்னும் வரவில்லையே என்று நாம் மேலும் இரண்டு மீட்டர் துணி வாங்கிக் கொடுத்தால் சட்டை சீக்கிரம் வருமா? துணி ஏற்கெனவே அங்கேதான் கிடக்கிறது. தைக்கத்தான் ஆள் இல்லை.

உற்பத்தி குறைவது பாதிதான். அழற்சியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிவதால் ஆல்புமின் வெளியே போய்த் திசுக்களில் தங்கிவிடுகிறது. புண்பட்ட குடல் வழியாகவும் கொஞ்சம் ஒழுகிப்போகிறது. ஆக, 2.7 என்ற எண் பையனின் தட்டைப் பற்றிப் பேசவில்லை, அவன் குடலைப் பற்றிப் பேசுகிறது.

நம்ப முடியவில்லை என்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். அனோரெக்சியா நெர்வோசா என்ற மனநோயில் உணவையே ஒதுக்கி எலும்பும் தோலுமாகிவிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆல்புமின் சரியாகவே இருக்கிறது. பட்டினி உண்டு, அழற்சி இல்லை. அமெரிக்காவின் மருத்துவ ஊட்டச்சத்து அமைப்பான ஆஸ்பென், ஆல்புமினை ஊட்டத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது அழற்சியின் அடையாளம் என்று 2020-ல் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. இருந்தும் ஆல்புமின் குறைந்தால் முட்டை என்ற சூத்திரம் வார்டுகளிலேயே இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஹீமோகுளோபின் கதை இதைவிடச் சுவாரஸ்யம். நம் உடல் உணவிலிருந்து ஒரு நாளில் எடுத்துக்கொள்ளும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம்தான். பழைய சிவப்பணுக்களை உடைத்து மீட்பதோ 20 மில்லிகிராமுக்கும் மேல். இந்த இரண்டு வரவையும் கட்டுப்படுத்துவது ஹெப்சிடின் என்ற கல்லீரல் ஹார்மோன். ஐ.எல்.-6 ஏறினால் ஹெப்சிடினும் ஏறுகிறது. கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும் என்பதால், சண்டை நேரத்தில் அதை ரத்தத்தில் விடாமல் பதுக்குவது உடலின் பழைய தந்திரம். கிருமியே இல்லாத சண்டையிலும் அதே தந்திரம்தான் நடக்கிறது. குடல் செல்லுக்குள் வந்த இரும்பு ரத்தத்துக்குள் போக முடியாமல், அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடுகிறது. முருங்கைக்கீரையிலிருந்து வந்த இரும்பும் இப்படித்தான் வீணாகிறது.

கூடவே குடல் புண்ணில் ரத்தம் கசிந்துகொண்டிருப்பதால் உண்மையான இரும்புக் குறையும் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஃபெரிட்டின் பார்ப்பார்கள். அது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண். சாதாரணமாக 30-க்குக் கீழே போனால்தான் குறை. ஆனால் அழற்சியில் ஃபெரிட்டினும் தானே உயர்ந்துவிடும். அதனால் 80 என்று அச்சடித்து வந்தாலும், சி.ஆர்.பி. அதிகமாக இருக்கும் ஐ.பி.டி. நோயாளிக்கு அது குறைபாடாக இருக்கலாம்; அங்கே கோட்டை 100-ல் போடுகிறார்கள். நோய் தீவிரமாக இருக்கும்போது மாத்திரைக்குப் பதில் இரும்பை நரம்பில் ஏற்றச் சொல்வதும் ஹெப்சிடின் போடும் அடைப்பைத் தாண்டத்தான்.

பசி? டி.என்.எஃப். மூளையில் பசியை அடக்குகிறது, தசையைக் கரைக்கிறது. புற்றுக்கட்டியை அழிக்கும் புரதத்தை ஓர் ஆய்வாளர் கூட்டமும், நோயுற்ற விலங்குகளை உருக்கும் புரதத்தை இன்னொரு கூட்டமும் தேடிப் போயின; 1985-ல் இரண்டும் ஒன்றுதான், அதுவே டி.என்.எஃப். என்று தெரிந்தது. அதே டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமேப் ஊசி 1998-ல் க்ரோன் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஊசி வேலை செய்தவர்களில் பலர் தாமாகவே சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். சாப்பிடாததால் நோய் என்று நினைத்து அந்தப் பையனைத் திட்டிக்கொண்டிருந்தோம் இல்லையா?

அப்படியானால் சாப்பாடு வீணா என்று கேட்பீர்கள். சுவிட்சர்லாந்தின் 8 மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2019-ல் லான்செட்டில் வந்தது. ஊட்டம் குன்றும் நிலையில் இருந்த பொது வார்டு நோயாளிகளுக்கு ஆளுக்கேற்ற உணவு கொடுத்தபோது சாவு குறைந்தது. பிறகு அவர்களையே சி.ஆர்.பி. வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 100-க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் அந்தப் பலன் தெரியவில்லை. அழற்சி கொதித்துக்கொண்டிருக்கையில் உணவு தனியாகச் சாதிப்பது குறைவு. ஆனாலும் தசை கரைந்துகொண்டே இருப்பதால் நோய் தீவிரமாக உள்ள நாட்களில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். எனவே முட்டையை நிறுத்த வேண்டாம், மஞ்சள்கருவையும் சேர்த்தே கொடுங்கள். பலன் இருக்கிறதா என்பதை எடையிலும் கைப்பிடி வலுவிலும் பாருங்கள், ஆல்புமினில் பார்க்காதீர்கள். குடல் சுருங்கிய இடம் இருந்தால் கீரைத்தண்டு, சக்கை மாதிரியான நார் மட்டும் ஆகாது.

கடைசியாக, உணவு தனியாகச் சாதிப்பது குறைவு என்றதற்கு நேர்மாறான ஒரு விஷயம். க்ரோன் நோய் வந்த குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறெந்த உணவும் இல்லாமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் கொடுத்தால், ஸ்டீராய்டுக்கு நிகராக அழற்சியே அடங்குகிறது. புண்ணும் நன்றாக ஆறுகிறது. கொலைட்டிஸில் இது பலிப்பதில்லை. பானத்தில் ஏதோ மருந்து இருப்பதாக நினைக்கத் தோன்றும். ஆனால் விதவிதமான பானங்களும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன. பாதி பானம், பாதி வழக்கமான சாப்பாடு என்று கலந்தால் பலன் வெகுவாகக் குறைகிறது. அப்படியென்றால் எதைக் கொடுக்கிறோம் என்பதைவிட எதை நிறுத்துகிறோம் என்பதில் ஏதோ இருக்கிறது. இஸ்ரேல் மருத்துவர் ஆரி லெவினின் குழு 2019-ல் இந்த யோசனையைச் சோதித்துப் பார்த்தது: பாதி பானம், மீதிக்குப் பால், கோதுமை, பாக்கெட் உணவுகளை விலக்கி, கோழிக்கறி, அரிசி, ஆற வைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆப்பிள் போன்றவை. குழந்தைகள் பானம் மட்டும் குடிப்பதைவிட இதை எளிதாகத் தாங்கினார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் நோய் அடங்கியிருந்தவர்களும் இந்தப் பக்கம்தான் அதிகம். அவர்கள் எல்லாரும் லேசானது முதல் நடுத்தரம் வரை நோய் இருந்த குழந்தைகள், மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் இருந்தவர்கள். கடுமையான நோயில் மருந்தை நிறுத்திவிட்டு இதை வீட்டில் முயன்று பார்ப்பது வேறு விஷயம், அதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை.