ஐரோப்பியக் காருக்கு ஏற்ற எண்ணெயும் வடிகட்டியும்

மோட்டார் வண்டி வைத்திருப்போரிற் பெரும்பாலோர், அதன் எஞ்சினுக்கு எந்த எண்ணெய் விடப்படுகின்றது என்பதைப் பற்றிச் சிந்திப்பதில்லை. கராஜுக்காரர் எடுத்து ஊற்றுவதை ஏற்றுக்கொள்கிறோம். அன்றேல் கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிச் செல்கிறோம். பழைய வண்டிகளில் இதனாற் பெருங்கேடு விளைந்ததில்லை. இக்காலத்து ஐரோப்பியக் காரைப் பொறுத்தவரை இவ்வழக்கம் பெருஞ் செலவில் கொண்டுபோய் விடக்கூடும். நான் அதனைப் பட்டறிந்தவாற்றை முதலிற் கூறுகிறேன்.

என் தந்தையாரிடம் மொறிஸ் மைனர் வண்டி ஒன்று இருந்தது. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில், அவ்வகை வண்டிகளும் ஒஸ்ரின் வண்டிகளும் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலரும் அறிவர். சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரனின் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே என் தந்தையார் தடிப்பான எண்ணெயையே தேடி வாங்குவார். அதனை அடிக்கடி மாற்றியும் விடுவார். தடிப்பான எண்ணெயே எஞ்சினுக்குக் காவல் என்பது அவர் கண்ட விதி. அக்காலத்துக்கும் அவ்வெஞ்சினுக்கும் அது பொருத்தமான விதியே.

பல ஆண்டுகளின் பின், நான் பழைய ஐரோப்பிய டீசல் கார் ஒன்றை வாங்கியபோது அவ்விதியையே கைக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் தடிப்பான, விலை குறைந்த எண்ணெயையே விட்டுவந்தேன். ஒருநாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, வண்டி விசையிழந்தது. புகைக் குழாயிலுள்ள துகள் வடிகட்டி அடைபட்டிருந்தது. நாள்தோறும் பாடசாலைக்குச் சிறு தூரமே ஓட்டியமை ஒரு காரணம் என்றார் மெக்கானிக். நான் விட்ட எண்ணெய் மற்றைய காரணம் என்றார். அதனைச் சீர்செய்ய என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற் சென்றது.

எண்ணெய்க்கும் புகைக் குழாய்க்கும் என்ன தொடர்பு? எஞ்சின் எண்ணெயில் தேய்வைத் தடுப்பதற்கும் அழுக்கைக் கரைப்பதற்கும் உலோகச் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. எஞ்சினில் எண்ணெய் சிறிது சிறிதாக எரியும்போது இவை சாம்பலாகி வெளியேறுகின்றன. டீசற் கரியைத் துகள் வடிகட்டி தன் வெப்பத்தால் எரித்துவிடும். சாம்பலை எரிக்க அதனால் இயலாது. அது அங்கேயே தங்கி, ஆண்டுக்கு ஆண்டு வழியை அடைக்கின்றது. என் தந்தையாரின் வண்டியில் அத்தகைய வடிகட்டி இல்லை. ஆதலாற் சாம்பலைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

இனி, எண்ணெய்க் கொள்கலத்தின் மேலுள்ள எழுத்துக்களை நோக்குவோம். அவற்றை மூன்று படிகளாக வாசிக்கலாம்.

முதலாவது, பிசுக்குமையைக் காட்டும் எண். 5டபிள்யூ-30 என்பதில் ‘டபிள்யூ’ என்னும் எழுத்துக் குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக இயங்கும் என்பதைக் காட்டுகின்றது. பின்னுள்ள எண், 100 பாகை செல்சியசில் அதன் தடிப்பைக் காட்டுகின்றது. நம் நாட்டிற் கடுங்குளிர் இல்லையே என்று முதலெண்ணைப் புறக்கணித்தலாகாது. காலையில் எஞ்சினை இயக்கியவுடன், மெல்லிய எண்ணெயே மேற்பகுதிகளுக்கும் டேர்போவுக்கும் விரைந்து சென்று சேரும்.

இரண்டாவது, ஐரோப்பிய வண்டி உற்பத்தியாளர் சங்கமாகிய ஏ.சீ.இ.ஏ. வகுத்த தரம். இச்சங்கத்தின் எண்ணெய்த் தரங்கள் 1996 முதல் நடைமுறையில் உள்ளன. சீ3 என்னும் தரத்தில் சாம்பல் நூற்றுக்கு 0.8 பங்குக்கு மேற்படலாகாது. மேலும், 150 பாகை வெப்பத்திலும் கடும் உராய்விலும் அதன் பிசுக்குமை 3.5 மில்லிபாஸ்கல் செக்கனுக்குக் குறையலாகாது. இவ்விரண்டாவது நிபந்தனை முக்கியமானது. நம் வீதிகளில் ஓடுவனவற்றுட் பெரும்பாலானவை ஜப்பானிய வண்டிகள். அவற்றுட் பலவற்றுக்கு ஏற்ற 0டபிள்யூ-20 எண்ணெய் எல்லாக் கராஜ்களிலும் இருக்கும். அவ்வகை எண்ணெய்க்கு அதே சோதனையில் விதிக்கப்பட்ட குறைந்த அளவு 2.6 மாத்திரமே. அது தாழ்ந்த எண்ணெய் அன்று. வேறோர் எஞ்சினுக்கென அமைந்த எண்ணெய். கூடிய தடிப்பு வேண்டுமென அமைக்கப்பட்ட ஐரோப்பிய எஞ்சினில் அதனை விட்டாற் பாதுகாப்புக் குறையும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, வண்டி உற்பத்தியாளரின் அங்கீகார எண். வோக்ஸ்வாகன் நிறுவனத்துக்கு 504 00, 507 00 என்றும், பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்கு லோங்லைஃப்-04 என்றும் எண்கள் உண்டு. மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் எண்களுள் 229.5 என்பதும் 229.51 என்பதும் உள்ளன. பார்வைக்கு ஓர் இலக்கமே வேறுபாடு. ஆயினும் முன்னையது சாம்பல் கூடிய வகை. பின்னையது துகள் வடிகட்டி பொருத்திய எஞ்சின்களை நோக்கி வகுக்கப்பட்ட, சாம்பல் குறைந்த வகை. பரீட்சைத் தாளில் ஓர் இலக்கத்தை விட்டெழுதும் மாணவன் புள்ளியை இழப்பான். இங்கே இழப்பது பணம்.

கொள்கலத்தின் வாசகத்தையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்றால், வண்டி உற்பத்தியாளர் அவ்வெண்ணெயை ஏற்று அனுமதி வழங்கியுள்ளார் என்பது பொருள். ‘ஏற்றது’, ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்றால், அஃது எண்ணெய் விற்போரின் சொந்தக் கூற்றாக மாத்திரம் இருக்கலாம். நம் வண்டிக்குரிய எண் எதுவென்பது வண்டியோடு வந்த கைந்நூலில் இருக்கும். அயலவரின் காருக்கு நன்றாயிருந்த எண்ணெய் நம் காருக்கும் நன்றாயிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒரே பெயருடைய காரிலும் பெற்றோல் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் எண் வேறுபடலாம்.

நல்ல எண்ணெயை விட்டு வடிகட்டியை மாற்றாதிருத்தல், கழுவாத பாத்திரத்திற் புதுப்பாலை ஊற்றுவதை ஒக்கும். எண்ணெய் வடிகட்டியினுள் மடித்து அடுக்கிய தாள் போன்ற பகுதி, உலோகத் தூளையும் கரியையும் தடுத்து வைக்கின்றது. அது அடைபட்டால், எண்ணெயின்றி எஞ்சின் அழியாதிருக்கும்பொருட்டு ஒரு மாற்றுவழி அடைப்பிதழ் திறக்கும். அப்பொழுது எண்ணெய் வடிகட்டப்படாமலே சுற்றி வரும். ஓட்டுவோருக்கு ஒன்றும் தெரியாது. பல வடிகட்டிகளில், எஞ்சின் நிற்கையில் எண்ணெய் கீழே வடிந்துபோகாது தடுக்கும் இரப்பர் இதழும் உண்டு. மலிவான போலி வடிகட்டியில் இவ்விதழ்கள் செவ்வையாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. வெளித்தோற்றத்தால் இதனைக் கண்டறிதலும் அரிது. ஆதலின், பாகத்தின் இலக்கத்தைச் சரிபார்த்து, நம்பத்தக்க கடையிற் பற்றுச்சீட்டுடன் வாங்குதல் நன்று.

புதிய ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில், உள்ளிடு மாத்திரம் மாற்றப்படும். அதன் மேலுறையும் மூடியும் வண்டியிலேயே இருக்கும். உள்ளிடு மாற்றும்போது மூடியின் இரப்பர் வளையத்தையும், எண்ணெய் வடிக்கும் திருகாணியின் வளையத்தையும் புதிதாக இடவேண்டும். பல மூடிகளின் மேலேயே இறுக்கவேண்டிய அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் இறுக்கினாற் பிளாத்திக்கு மூடி வெடிக்கக்கூடும். காற்று வடிகட்டியையும் மறத்தலாகாது. புழுதி வீதியில் ஓடும் வண்டிக்கு அது கைந்நூல் கூறும் காலத்துக்கு முன்பே மாற்றப்பட வேண்டியிருக்கும். எஞ்சினுள் நுழையும் மணற்றூள் எண்ணெயையும் கெடுத்து, உலோகத்தையும் அராவிவிடும்.

எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை மாற்றுவது? ஐரோப்பாவிற் சில வண்டிகளுக்கு, 30,000 கிலோமீற்றர் அல்லது இரண்டு ஆண்டுகள் வரை நீண்ட இடைவெளி அனுமதிக்கப்படுகின்றது. அது நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடும் வண்டிக்கும், அங்கீகரிக்கப்பட்ட எண்ணெய்க்குமே பொருந்தும். வெப்பமும் புழுதியும், நெரிசலிலே நின்று செல்லும் குறும்பயணமும் எண்ணெயை விரைவிற் களைப்படையச் செய்யும். நான் இப்பொழுது 10,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்பொழுது எண்ணெயையும் வடிகட்டியையும் சேர்த்தே மாற்றி வருகிறேன்.

எண்ணெயின் அளவும் கருத்திற் கொள்ளத்தக்கது. சமதரையில் நிறுத்தி, கைந்நூல் கூறியவாறு அளவுகோலால் மாதம் ஒருமுறை பார்த்தல் போதும். குறைவு எவ்வளவு தீங்கோ, மிகையும் அவ்வளவு தீங்கு.

நேயர்களே, இவ்வளவையும் நினைவில் வைத்திருக்க இயலாதோர் ஒன்றையேனும் செய்யுங்கள். கைந்நூலைத் திறந்து, உங்கள் எஞ்சினுக்குரிய பிசுக்குமை எண்ணையும் அங்கீகார எண்ணையும் ஒரு சிறு தாளில் எழுதி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கராஜில் எண்ணெய் ஊற்றுமுன், அத்தாளையும் கொள்கலத்தின் பின்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என் தந்தையார் தம் வண்டியின் தேவையை அறிந்தே தம் விதியை வகுத்துக்கொண்டார். நான் விதியை மாத்திரம் எடுத்துக்கொண்டு, என் வண்டியின் தேவையைப் பாராது விட்டேன். அந்த இரண்டு நிமிட வாசிப்பை அன்றே செய்திருந்தால், இரண்டு மாதச் சம்பளம் எனக்கு மிஞ்சியிருக்கும்.