இறால் குஞ்சின் முதல் உணவு

இறால் முட்டையிலிருந்து வெளிவரும் நாப்ளியஸ் என்னும் முதல்நிலை இளவுயிரி, தன் உடலிலுள்ள மஞ்சள்கருவைக் கொண்டே ஏறத்தாழ இரண்டு நாள் வாழ்ந்துவிடுகிறது; அடுத்த பருவமான சோயியாவை எட்டியதும் நீரில் மிதக்கும் நுண்ணிய துகள்களை வடிகட்டி உண்ணத் தொடங்குவதால், அந்த வேளையில் தகுந்த உணவு தொட்டியில் இல்லையெனில் குஞ்சுகள் திரளாக மடிகின்றன. குருமா இறாலை 1934-இல் ஆய்வகத்தில் முட்டையிடச் செய்த ஜப்பானிய அறிஞர் மோட்டோசாகு ஃபூஜினாகாவும் இந்தச் சோயியா பருவத்தில்தான் தடைபட்டு நின்றார். ஸ்கெலிட்டோனிமா என்னும் நுண்பாசியை வளர்த்து ஊட்டிய பின்னரே அவருக்கு வழி திறந்தது.

மரக்காணம் போன்ற கடலோரப் பகுதிகளின் இறால் பொரிப்பகங்களில் இன்று பெரிதும் வளர்க்கப்படும் கீட்டோசெராஸ், டயட்டம் எனப்படும் சிலிக்கா ஓடுடைய ஒருசெல் பாசி வகையைச் சேர்ந்தது. சோயியாவின் வாய்க்கு ஏற்ற சிறிய செல்லும், குஞ்சின் வளர்ச்சிக்கு வேண்டிய இ.பி.ஏ. என்னும் நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலமும் ஒருங்கே அமைந்திருப்பதே அதன் சிறப்பு. நுண்ணுயிர் நீக்கிய கடல்நீரில் நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு முதலிய நுண்தாதுக்கள், வைட்டமின்கள் ஆகியவற்றோடு, ஓடு கட்டுவதற்காகச் சிலிக்கேட்டும் சேர்த்து ஊடகம் தயாரிக்கப்படுகிறது. சோதனைக்குழாயில் காக்கப்படும் தூய வித்து, ஊடகம் நிரப்பிய கூம்புக்குடுவைக்கும், பின் பெரிய கலங்களுக்கும், இறுதியில் வெயில்படும் தொட்டிகளுக்கும் படிப்படியாக மாற்றப்படுகிறது; இடைவிடாது செலுத்தப்படும் காற்று, செல்கள் அடியில் படியாமல் தடுப்பதுடன் கரியமில வாயுவையும் வழங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் நாள் பிடிப்பதால், தாய் இறால் முட்டையிடுவதற்கு முன்பே இப்பணி தொடங்கியாக வேண்டும்.

வித்து இட்ட சிறிது காலத்துக்குப் பின் செல்கள் இரண்டிரண்டாகப் பிளந்து விரைந்து பெருகும் காலமே அறுவடைக்கு உரியது. உரம் தீர்ந்து பெருக்கம் நின்றுவிட்டால், பொன்பழுப்பு நிறம் மங்கி, செல்கள் திரண்டு அடியில் படிந்து, சத்தும் குறைந்துவிடும். இரத்த அணுக்களை எண்ணுவதற்கென்று அமைந்த கட்டமிட்ட கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் செல்களை எண்ணியே அடர்த்தி அறியப்படுகிறது. பாசியை உண்டு அழிக்கும் குற்றிழை உயிரிகள் புகுந்துவிட்டனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பொரிப்பகத்தின் தேர்ந்த கைகள் இருக்க வேண்டிய இடம் இந்தப் பாசி அறையே எனலாம்.

உலர்ந்த பாசித்தூளும் நுண்ணுறைத் தீவனமும் சந்தையில் கிடைத்தாலும், அவற்றில் உண்ணப்படாமல் எஞ்சுவது அடியில் அழுகி நீரைக் கெடுக்கிறது. உயிருள்ள பாசியோ மிதந்துகொண்டே குஞ்சுகள் வெளியிடும் அம்மோனியாவையும் உறிஞ்சிக்கொள்கிறது. சோயியா, மைசிஸ் என்னும் அடுத்த பருவத்துக்கு மாறியதும் ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர்ச் சிற்றுயிரியின் குஞ்சுகளைப் பிடித்து உண்ணும் திறன் பெறுவதால், அதன்பின் பாசியின் அளவு படிப்படியாகக் குறைக்கப்படுகிறது.