மாசியில் வருகிறது நம் இலையுதிர்காலம்

அக்டோபர் பிறந்தால் போதும், காஷ்மீரத்துச் சினார் மரங்களும் ஜப்பானிய மேப்பிள்களும் நம் கைப்பேசித் திரைகளில் சிவக்கத் தொடங்கிவிடுகின்றன. அதே நாட்களில் ராயபுரம் கல்மண்டபத்தில் வடகிழக்குப் பருவமழைக்கு வானம் இருட்டிக்கொண்டிருக்கும். மரங்களெல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கும். இந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் இலையுதிர்காலமே கிடையாது, அருவியும் வண்ண இலையும் சேர்ந்த படம் வேண்டுமென்றால் விமானம் ஏறத்தான் வேண்டும் என்று கேமரா வைத்திருப்பவர்கள் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. நமக்கும் இலையுதிர்காலம் உண்டு. தை மாதக் கடைசியில் தொடங்கி மாசி, பங்குனியில் அது முற்றுகிறது. கல்மண்டபத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் இரண்டு நண்பர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவிலேயே அதைப் பார்க்கலாம்.

குளிர்நாடுகளில் இலை நிறம் மாறுவதற்குக் காரணம் பகல் சுருங்குவதும் குளிர் ஏறுவதும். மரம் தன் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளித்தெரிகின்றன. சில மரங்களில் அந்த நேரத்தில் சிவப்பு நிறமிகள் புதிதாகவும் உருவாகின்றன. நம் வறண்ட காடுகளிலும் இதே வேலைதான் நடக்கிறது, தூண்டுவது மட்டும் வேறு. மழை நின்று மண்ணில் ஈரம் குறையும்போது, இலை வழியாக வெளியேறும் நீரை மிச்சப்படுத்த மரம் இலையை உதிர்க்கிறது. வெக்காலி மரம் துருச் சிவப்பாகிறது, ஒதியன் மொட்டையாகிறது, தேக்கு பழுப்பேறிச் சலசலக்கிறது. இதைப் பார்க்கக் காட்டுக்குக்கூடப் போக வேண்டாம். வடசென்னைத் தெருக்களிலும் பள்ளி வளாகங்களிலும் நிற்கிற பாதாங்கொட்டை மரத்தின் அடியில் விழுந்த ஓர் இலையை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தால், மஞ்சள், செம்பு, குங்குமச் சிவப்பு மூன்றும் ஒரே இலையில் ஒன்றோடொன்று கலந்திருப்பது தெரியும். மேப்பிளுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

அருவிக்கு எங்கே போவது என்றால், வழி வடசென்னைக்காரர்களுக்கு நன்கு பழகியது. ஆடி மாதத்தில் பவானியம்மனுக்கு வேப்பிலை கட்டி வேண்டுதல் செலுத்தப் பெரியபாளையம் போகிற அதே சாலைதான். செங்குன்றம், சனப்பன்சத்திரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திர எல்லை. சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் கடந்து புத்தூர்ச் சாலையில் போனால், நாராயணவனத்துக்கு அருகே மலையடிவாரத்தில் கைலாசகோனா அருவி. சுனைநீர் ஊறிவருவதால் மழைக்காலம் முடிந்த பிறகும் இங்கே தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். இந்தப் பயணத்தில் பெரும்பாலும் ஆரணியாறு பக்கத்திலேயே வருகிறது. அந்தப் பக்கத்து மலைகளில் பெய்த மழையைப் பிச்சாட்டூர் நீர்த்தேக்கம், ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டில் கொண்டு சேர்ப்பது இந்த ஆறுதான். அதே பக்கத்தில் ஓடும் நகரி ஆற்றின் நீரோ பூண்டிக்கு அருகே கொசஸ்தலையாற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. எண்ணூரில் சாம்பலும் எண்ணெயும் படிந்த கழிமுகத்தைப் படமெடுக்கும் இளைஞர்கள், அந்த ஆற்றுக்கு நீர் தரும் மலைகளையும் ஒருமுறை படமெடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது எதை இழந்தோம் என்பது, நீர் தெளிந்து விழும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னும் ஆழமாக உறைக்கும்.

அருவி பெருகுவது கார்த்திகையில், இலை சிவப்பது மாசியில். இரண்டும் ஒரே படத்தில் எப்படிச் சேரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நிரம்பி விழும் அருவி படத்துக்கு நல்லது என்பது பார்வையாளரின் எண்ணம். படமெடுப்பவருக்கு அது வெறும் வெள்ளைத் திரை. நீர் மெலிந்தபோதுதான் பாறையின் அடுக்கும், பாசியின் பச்சையும், ஒவ்வோர் இழையாக நீர் பிரிந்து இறங்கும் வழியும் தெரிகின்றன. முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஐஎஸ்ஓவை 100-க்குக் குறைத்து, அரை நொடி முதல் இரண்டு நொடி வரை ஷட்டரைத் திறந்துவைத்தால் அந்த இழைகள் பட்டாகப் படியும். போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால் ஈர இலையின் மேலுள்ள பளபளப்பு விலகி, அடியிலுள்ள சிவப்பு வெளிவரும். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகல் ஒளிக்கு வைப்பது முக்கியம். தானியங்கி நம் காட்டின் செம்பு நிறத்தைப் பிழையென்று எண்ணித் திருத்திவிடும். நண்பர் கூட வருவதன் பயனும் இங்கேதான். ஒருவர் வ்யூஃபைண்டருக்குள் மூழ்கியிருக்கும்போது இன்னொருவர் வழுக்குப் பாறையையும் ஏறிவரும் தண்ணீரையும் கவனிக்கலாம். குளிப்பவர்கள் வந்துவிட்டால், கேமராவைத் தாழ்த்தச் சொல்லவும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

நம் காட்டில் மலை முழுக்கத் தீப்பிடித்தது போன்ற சிவப்பு கிடைக்காதே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான், கிடைக்காது. நம் மரங்கள் ஒரே வாரத்தில் ஒன்றாக நிறம் மாறுவதில்லை. சரிவில் ஒரு மரம் மொட்டையாக நிற்கும், அடுத்தது பழுத்திருக்கும், ஓடைக்கரை நாவலும் நீர்மருதும் பசுமை குறையாமல் நிற்கும், அரசு செம்பு நிறத் தளிர் விட்டிருக்கும். உதிர்வும் துளிர்ப்பும் ஒரே சட்டகத்துக்குள் வரும் இந்தக் காட்சி குளிர்நாட்டு அக்டோபரில் கிடைக்காது. வேறொரு நிலத்தின் படத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு நம் காட்டை மங்கல் என்று தள்ளுவது, பார்க்காமலே தீர்ப்புச் சொல்வதாகும்.

இலை உதிரும் காலம் காட்டுத்தீயின் காலமும் ஆயிற்றே என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிட்டு இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசக்கூடாது. காய்ந்த சருகு மூடிய சரிவில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதரால் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே பயணத்தைத் தை இறுதி, மாசித் தொடக்கத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். சாலையை ஒட்டிய, அனுமதியுள்ள அருவியோடு நின்றுகொள்ள வேண்டும். சிகரெட்டோ சமையல் அடுப்போ கூடவே கூடாது. கைலாசகோனா பக்கத்து மலைத்தொடர்கள் செம்மரம் வளரும் நிலம். அந்த மரம் இயற்கையாக வளர்வது தெற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் மட்டுமே. வனத்துறையின் கண்காணிப்பு கடுமையாக இருப்பதில் வியப்பில்லை. நல்ல படத்துக்காகத் தடுப்பைத் தாண்டுவது துணிச்சலல்ல, காட்டுக்கும் உயிருக்கும் செய்யும் தீங்கு.

இத்தனை கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டும் இந்தப் பயணம் ஏன் வேண்டும்? ஜப்பானில் மேப்பிள் சிவக்கும் நாளையும் கிங்கோ மஞ்சளாகும் நாளையும் அந்நாட்டு வானிலை நிறுவனமே பல பத்தாண்டுகளாகக் குறித்துவருகிறது. தட்பவெப்பம் மாறுவதற்கு அந்தப் பதிவுகள் இன்று சாட்சி. இந்தியாவில் சீசன்வாட்ச் என்னும் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் மரங்களின் பருவங்களைப் பதிவுசெய்கிறார்கள். வடசென்னை வெயிலையும் புகையையும் உப்புக்காற்றையும் தாங்கி நிற்கும் மரங்கள் எப்போது இலை மாற்றுகின்றன என்பதை நாம்தான் பதிய வேண்டும். படத்தோடு தேதியும் இடமும் தானாகவே பதிவாகும் கருவி இன்று ஏறக்குறைய எல்லார் கையிலும் இருக்கிறது. ஆண்டுதோறும் அதே வாரத்தில் அதே அருவியையும், கல்மண்டபம் பக்கத்து அதே பாதாங்கொட்டை மரத்தையும் எடுத்துவந்தால், அழகுக்காகத் தொடங்கிய பழக்கம் ஊருக்கான ஆவணமாகிவிடும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பள்ளிகள் இந்த மாசியிலேயே இதைத் தொடங்கலாம்.