மகப்பேறு விடுப்பும் ஊதியப் பொறுப்பும்

மகப்பேற்றுக் காலத்தில் பெண் தன் வேலையையும் வருவாயையும் இழத்தல் கூடாது என்பதே இந்தியாவின் மகப்பேறு நலச் சட்டத்தின் (1961) நோக்கமாக இருந்தது. எனினும், விடுப்புக்கால ஊதியத்தை யார் வழங்குவது என்பதே அதன் பயன் யாரைச் சென்றடையும் என்பதைத் தீர்மானிக்கிறது.

2017ஆம் ஆண்டுத் திருத்தம், 12 வாரமாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. ஏற்கெனவே இரு குழந்தைகள் உள்ளோர்க்கு 12 வாரமே உரியது. மகப்பேற்றுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள்களேனும் பணிபுரிந்திருத்தல் தகுதியாகும்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளோர்க்கு, முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் பங்களிப்பு நிதியிலிருந்து இத்தொகை கிடைக்கிறது. அத்திட்டத்துக்கு வெளியே உள்ளோர்க்கு முழு ஊதியத்தையும் முதலாளியே தரவேண்டும். இதனால் இளம்பெண்களைப் பணியமர்த்தத் தயங்கும் போக்குக்கு இந்த ஏற்பாடே இடமளித்துவிடுகிறது. மத்திய அரசின் ஆண் ஊழியர்க்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறை ஆண்களுக்கு அத்தகைய மத்தியச் சட்டம் இல்லாமை, குழந்தை வளர்ப்பைத் தாயின் கடமையாக மட்டுமே நிறுத்துகிறது.

தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்க்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு கிடைக்கிறது. வயலிலும் கட்டுமானத்திலும் உழைக்கும் ஏழைப் பெண்ணுக்கோ விடுப்பு என்பதே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தவணைத் தொகையே அவளுக்குரியது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை (2000), இச்செலவைச் சமூகக் காப்பீடோ பொதுநிதியோ ஏற்க வேண்டும் என்கிறது. ஆகவே, விடுப்பின் கால அளவை நீட்டித்தல் மட்டும் போதாது. அதன் செலவைச் சமுதாயம் பகிர்ந்துகொள்ளும்போதே அவ்வுரிமை அனைவர்க்கும் உரியதாகும்.