ஆறப் பொறுத்தால் இனிக்கும்

சில ஆண்டுகளுக்கு முன், புதுநன்மைத் திருநாள் நெருங்கிய ஒரு கோடைக்கால ஞாயிறன்று, நாம் மறையுரையில் ஆடம்பரத்தைக் கண்டித்துப் பேசினோம். கடன் வாங்கிக் கேக் வெட்டுவதால் நற்கருணை ஆண்டவருக்கு என்ன மகிமை என்று சற்றுக் கடுமையாகவே வினவினோம். திருப்பலி முடிந்ததும், கணவரை இழந்த தாய் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார்.

"சாமி, நீங்க சொன்னது நியாயந்தான். ஆனா, எல்லாப் பிள்ளைகளும் கேக் வெட்டும்போது எம் மக மட்டும் பார்த்துக்கிட்டு நின்னா, அவளுக்கு நான் என்ன சொல்ல?" என்று கேட்டார்.

அவர் அதற்காக வட்டிக்குப் பணம் கேட்டிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். நம்மிடம் விடை இல்லை. வேண்டாம் என்பது எளிது. வேறு வழி காட்டுவதன்றோ மேய்ப்பனின் கடமை! அன்று மாலையே கன்னியர் இல்லத்தை நாடினோம். அங்கே அடுக்களைப் பொறுப்பிலிருந்த மூத்த சகோதரி, நம் கவலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு கிண்ணம் சீனியை எடுத்து முன்னே வைத்தார். அன்று கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

கேக்கின் மேல் பூசும் ஐசிங் என்பது அடிப்படையில் சீனியும் சிறிது நீருமே. முற்காலத்து ஐரோப்பாவில் நன்கு வெளுத்த சீனி விலையுயர்ந்த பொருள். ஆகவே வெண்மையான பூச்சு செல்வத்தின் அடையாளமாயிற்று. 1840-ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியின் திருமணக் கேக்கும் வெள்ளைப் பூச்சு அணிந்தே நின்றது. இன்றோ சீனி இல்லாத வீடு அரிது. அன்று அரசர்க்குரியதாய் இருந்தது இன்று நம் அஞ்சறைப் பெட்டிக்கு அருகிலேயே இருக்கிறது!

செய்முறை இதுதான். 200 கிராம் சீனியுடன் 2 தேக்கரண்டி கார்ன்ஃபிளவர் மாவு சேர்த்து, ஈரமற்ற மிக்ஸியில் விட்டுவிட்டு அரையுங்கள். மாவு சீனித்தூள் கட்டியாகாமல் காக்கும். தூசி அடங்கியபின் மூடியைத் திறந்து, மெல்லிய சல்லடையில் இருமுறை சலியுங்கள். எலுமிச்சைச் சாறும் நீருமாக 2 மேசைக்கரண்டி எடுத்து, சிறிது சிறிதாக ஊற்றிக் குழையுங்கள். கரண்டியைத் தூக்கினால் கனமாக ஒழுகி, விழுந்த தடம் மெல்ல மறைய வேண்டும். நீர் மிகுந்தால் இன்னும் சீனித்தூள் சேர்க்கலாம். இளஞ்சிவப்பு நிறம் விரும்பினால், சில துளி பீட்ரூட் சாறு போதும். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள கேக்கின் மேற்புறத்துக்கு இது போதுமானது. கடையில் வாங்கிய பூச்சில்லாத கேக்குக்கும் இதையே பூசலாம்.

வெண்ணெய் சேர்த்த பூச்சு சுவையானதே. ஆயினும் வெண்ணெய் 35 டிகிரி வெப்பத்துக்குள்ளேயே உருகிவிடும். நமது மே மாத நண்பகலில் அது நில்லாது. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் செய்வதும் உண்டு. பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால், குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் அதைத் தவிர்ப்பதே நன்று. பூசிய கேக்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தாலும் அதன்மேல் நீர் கோத்துப் பூச்சு கசியும். வெளியே, எறும்பு அணுகாமல் மூடி வைப்பதே போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. சூடான கேக்கில் பூசினால் சீனி இளகி வழிந்தோடும். இரண்டு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்காதா என்று நம் முன்னோர் கேட்டது இதற்கும் பொருந்தும். நற்கருணை உட்கொள்ளுமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கப் பழகும் பிள்ளைக்கு, இக்காத்திருப்பும் ஒரு நல்ல பாடமே.

அந்தத் தாயும் மகளும் இருவருமாகவே தங்கள் கேக்குக்குப் பூச்சிட்டனர். புதுநன்மையன்று நாமும் அவர்கள் இல்லம் சென்றோம். ஒரு பக்கம் பூச்சு வழிந்திருந்தது. மகள் வரைந்த திருக்கிண்ணம் காபி டம்ளரைப்போல் தோன்றியது. அதைச் சொல்லி முதலில் சிரித்தவளும் அவளே. "நானே செஞ்சேன், சாமி" என்று முதல் துண்டை நம் கையில் வைத்தாள். தாய் வட்டிக்காரரிடம் போகவில்லை.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் பிள்ளையின் திருநாளுக்குக் கடன் வேண்டாம். கால் கிலோவுக்கும் குறைந்த சீனியும் ஓர் எலுமிச்சம்பழமும் பிள்ளையோடு அமர்ந்து செலவிடும் ஒரு மாலைப்பொழுதும் போதும். அந்த மறையுரையில் நாம் சொல்லத் தவறியது இதுவே.