மூன்று இயந்திரம் எதற்கு?

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வெங்காயச் செய்கையாளருக்கு எண்ணெயின் அருமையை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அருகருகே உள்ள மூன்று தோட்டங்களுக்கு மூன்று நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓடினால் செலவு அதிகம். ஒன்றை முறைவைத்து ஓட்டினால் மூவருக்கும் மிச்சம். கைத்தொலைபேசிக் கோபுரங்களின் விடயமும் இதுதான்.

கோபுரத்திலுள்ள கருவிகள், எவரும் பேசாத நடுச்சாமத்திலும் மின்சாரத்தைச் செலவழிக்கின்றன. கைத்தொலைபேசிச் சேவையின் மின்செலவில் பெரும்பங்கு இவற்றுக்கே போகிறது. மின்சாரம் நின்றால் பற்றரி சில மணி நேரம் தாங்கும். அதன்பின் டீசல் மின்பிறப்பாக்கி வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு ஏற்பட்டு, டீசலும் கிடைக்காதபோது கோபுரங்களும் பாதிக்கப்பட்டன.

சேர்ந்து செய்யக்கூடியவை

முதலாவது, பல நிறுவனங்கள் ஒரே கோபுரத்தையும், அதன் பற்றரி, மின்பிறப்பாக்கி ஆகியவற்றையும் பொதுவாக வைத்துக்கொள்வது. இரண்டாவது, அலைபரப்பும் கருவியையே பகிர்வது. மூன்றாவது, அழைப்புகள் குறைந்த இரவில் ஒரு நிறுவனம் தன் கருவியை நிறுத்தி, தன் பாவனையாளரை மற்றதன் கோபுரத்தில் பேசவிடுவது. இம்முறையால் வரும் மிச்சத்தை இத்தாலியின் தூரின் நகர ஆய்வாளர்கள் 2009இல் கணக்கிட்டுக் காட்டினர். இந்தியாவில் அரச நிதியில் எழுந்த கிராமக் கோபுரங்களைப் பல நிறுவனங்களின் பாவனையாளரும் பயன்படுத்தும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது.

இலங்கையில் 2018இல் எடிசலாட் ஹட்ச்சுடனும், 2024இல் எயார்டெல் டயலொக்குடனும் இணைந்தன. இரண்டு வலையமைப்புகள் ஒன்றானால் இரட்டைச் செலவு குறையும். ஆனால் போட்டியும் குறையும். கட்டணம் ஏற இடமுண்டு. ஆகவே நிறுவனங்கள் தனித்தனியே இருந்தபடி கோபுரத்தைப் பகிர்வதே ஏழைப் பாவனையாளருக்கு நல்லது.

எமக்கு இதில் என்ன?

2006இல் மாவிலாற்றில் தொடங்கிய போரினால் மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் இடம்பெயர்ந்தனர். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது அதே மாவிலாற்றின் அணைக்கட்டு உடைந்து, வயல்களும் வீடுகளும் மீண்டும் நீரில் மூழ்கின. நாட்டின் பல பகுதிகளில் தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. பிள்ளை எந்தப் பாடசாலையில் தங்கியிருக்கிறது, படகு எப்போது வரும் என்று அறிய வேண்டிய வேளையில், அருகே வேறு நிறுவனத்தின் கோபுரம் இயங்கினாலும் எமது சிம் அட்டை அதில் பேசாவிட்டால் பயனில்லை.

இதற்கு வழியுண்டு. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் வெள்ளத்தின்போது, எந்த நிறுவனத்தின் பாவனையாளரும் இயங்கும் எந்தக் கோபுரத்திலும் பேசலாம் என இந்திய அரசு செப்டம்பர் 2 வரை ஏற்பாடு செய்தது. எஞ்சிய எரிபொருளை எல்லாக் கோபுரங்களுக்கும் பங்கிட்டுத் தீர்ப்பதைவிட, ஒரு கோபுரத்தை நீண்ட நேரம் இயக்குவது மேல்.

நிறுவனங்கள் தாமாக முன்வரத் தயங்கும். செலவை யார் ஏற்பது, கோபுரம் கட்டியவருக்கு என்ன இலாபம் என்ற கேள்விகள் உண்டு. அதனால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு விதி செய்ய வேண்டும். எமது கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் இரண்டு கோரிக்கைகளை எழுதிப் பிரதேச செயலாளரிடம் கொடுக்கலாம்: ஊருக்கு வரும் புதிய கோபுரம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருக்கட்டும், அனர்த்த வேளையில் எந்தச் சிம் அட்டையும் எந்தக் கோபுரத்திலும் பேசட்டும்.

முகாம்களில் பொது அடுப்பில் சமைத்து உண்டவர்கள் நாம். பத்து அடுப்புக்கு விறகு தேடுவதைவிட ஓர் அடுப்பு எரிவது நல்லது என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அடுத்த மாரிக்கு முன் இக்கோரிக்கையை எழுதுவோம்.