பாட்டி வளர்த்த பிள்ளை

1955-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ரஷ்யத் தலைவர்களான புல்கானினும் குருஷ்சேவும் சென்னைக்கு வந்தார்கள். அவர்களைப் பார்க்கக் கூடிய கூட்டத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். தலையில் முடியில்லாமல், குண்டு உடம்பும் சிரித்த முகமுமாக இருந்த அந்தக் குருஷ்சேவ் ஒரு குடியானவனின் பிள்ளை. சுரங்கப் பிரதேசத்திலே இரும்புப் பட்டறை வேலை செய்தவர். அவருக்கு முன்னால் ஆண்ட ஸ்டாலினோ, செருப்புத் தைப்பவரின் மகன். இப்படிப்பட்டவர்கள் எப்படி ஐயா இவ்வளவு பெரிய தேசத்துக்கு அதிபதி ஆனார்கள் என்று கேட்டு வியக்காதவர் இல்லை.

வியப்புத்தான். ஆனால் அதற்காக மாஸ்கோ வரையில் போக வேண்டியதில்லை. குருஷ்சேவ் சென்னைக்கு வந்த அதே சமயத்தில், ஒரிஸ்ஸா ராஜ்யத்தின் கவர்னராக ராஜபாளையத்து மனிதர் ஒருவர் இருந்தார். மூன்று வருஷம் சென்னை ராஜ்யத்தையே ஆண்டுவிட்டுப் போனவர் அவர். பெயர் பூ. ச. குமாரசாமி ராஜா. இன்றைய பெண்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? முதல் மந்திரிகளின் வரிசையைச் சொல்லும்போது, ஓமந்தூராருக்கும் ராஜாஜிக்கும் நடுவில் அவரை விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராஜபாளையம் அழகான ஊர். மேற்கே மலை, மலையடிவாரத்தில் மாந்தோப்பு, கிழக்கே பருத்தி விளையும் கரிசல் மண். விஜயநகர காலத்தை ஒட்டித் தெலுங்கு தேசத்திலிருந்து வந்து குடியேறியதாகச் சொல்லப்படும் ராஜூக்கள், வீட்டுக்குள் தெலுங்கும் வீதியில் தமிழுமாக அங்கே வாழ்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தில் 1898-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி குமாரசாமி பிறந்தார். அப்போது அந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல்தான் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலூகா அதில் சேர்ந்தது. இப்போது விருதுநகர் ஜில்லா.

குழந்தை பிறந்த எட்டாம் நாள் தாய் கண்ணை மூடினாள். மூன்று வயதாவதற்குள் தகப்பனாரும் போய்விட்டார். சொத்து இருந்தால் என்ன, சுகம் இருந்தால் என்ன? பச்சைக் குழந்தையை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்ள ஒருத்தி வேண்டுமே! அந்த ஒருத்தி பாட்டி.

அந்தப் பாட்டியம்மாளைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்கள் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. 'பாட்டியால் வளர்க்கப்பட்டார்' என்று எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் காங்கிரஸில் சேர்த்துவிடுகிறார்கள்! அந்த ஒரு வரிக்குள் எத்தனை ராத்திரிகள் அடங்கியிருக்கின்றன என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். தாய்ப்பால் இல்லாத சிசுக்கள் பிழைப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. அந்தக் கிழவி அசந்திருந்தால் சென்னை ராஜ்யத்துக்கு ஒரு முதல் மந்திரி குறைந்திருப்பார்.

சற்றுத் தள்ளியிருந்த விருதுபட்டியில் இன்னொரு வீட்டிலும் இதே போன்ற கதைதான் நடந்தது. அங்கே 1903-ல் பிறந்த பையனுக்குச் சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துபோனார். தாயார் சிவகாமி அம்மாள் நகைகளைக் கொடுத்து வைத்துக் குடும்பம் நடத்தினாள். பையன் பள்ளிக்கூடத்தை விட்டு மாமன் ஜவுளிக் கடையில் போய் உட்கார்ந்தான். அவன்தான் காமராஜ். இந்த இரண்டு பேருடைய வாழ்க்கையும் பின்னால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது.

குமாரசாமி ராஜாவுக்குச் சத்தியமூர்த்தியின் பேச்சிலும் காந்திஜியின் வழியிலும் மனம் சென்றது. கதர் உடுத்தினார். ஊராட்சியில் தொடங்கிப் படிப்படியாகப் பொது வாழ்வில் ஏறினார். 1932-ல் சட்ட மறுப்பில் ஈடுபட்டுச் சிறைக்குப் போனார். 1934-ல் டில்லியிலிருந்த மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு சென்னைச் சட்டசபை. அட்டகாசம் இல்லை, ஆரவாரம் இல்லை. மேடையில் இடி முழக்கம் செய்கிறவர் அல்ல அவர். பக்கத்தில் உட்கார்ந்து காரியம் பார்க்கிறவர்.

அப்படிப்பட்டவருக்கு ராஜ்யாதிகாரம் எப்படிக் கிடைத்தது? அங்கேதான் சுவாரஸ்யம் இருக்கிறது.

சுதந்திரம் வந்த சமயத்துச் சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டும் அல்ல. ஆந்திரக் கடற்கரை, ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரே சட்டசபையில் நாலு பாஷை பேசுகிறவர்கள். காங்கிரஸுக்குள்ளேயே ஆந்திரர் கட்சி, தமிழர் கட்சி. தமிழர்களுக்குள் ராஜாஜியின் பக்கம், காமராஜின் பக்கம். 1946-ல் பிரகாசம் வந்தார். ஒரு வருஷம் தாங்கவில்லை. 1947 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். நேர்மைக்குப் பெயர் பெற்றவர். சிபாரிசு என்று வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர். சட்டசபை அங்கத்தினர்கள் முகம் சுளிக்க அது போதாதா? இரண்டு வருஷத்தில் அவரும் இறங்கும்படி ஆயிற்று.

அடுத்தது யார் என்ற கேள்வி வந்தபோது, தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்த காமராஜ் குமாரசாமி ராஜாவின் பக்கம் நின்றார். 1949 ஏப்ரலில் ராஜா சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். அக்காலத்தில் பதவியின் பெயர் அதுதான். 1950 ஜனவரி 26-ந் தேதி குடியரசு பிறந்தபோது அவரே முதல் மந்திரி என்று அழைக்கப்பட்டார். ஆகவே, சென்னையின் கடைசிப் பிரதம மந்திரியும் முதலாவது முதல் மந்திரியும் ஒருவரே!

அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என்ன? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவருக்கென்று ஒரு கோஷ்டி இல்லை. தாய்மொழி தெலுங்கு, பிறந்த மண் தமிழ்நாடு. யாரும் அவரைக் கண்டு பயப்படவில்லை. மற்றவர்கள் உரக்கச் சண்டையிடும்போது, சத்தம் போடாதவர் பக்கம் எல்லோருடைய பார்வையும் திரும்பும். கூட்டுக் குடும்பத்தில் சாவிக்கொத்து எந்த மருமகளிடம் போய்ச் சேருகிறது என்று யோசித்துப் பாருங்கள், விஷயம் விளங்கிவிடும்.

சாவி கிடைத்துவிட்டது. பெட்டிக்குள் இருந்ததோ தலைவலி.

தெலுங்கர்கள் தனி ராஜ்யம் கேட்டார்கள். பிரிவினையை ஆராய அமைந்த கமிட்டிக்கு ராஜாவே தலைவர். சென்னைப் பட்டணம் யாருக்கு என்ற கேள்வியில் பிரகாசம் மாறுபட்டு நின்றார், முடிவு தள்ளிப்போயிற்று. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர்விட்ட பிறகுதான், 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திரம் பிறந்தது.

கல்லூரி இடங்களை ஜாதிவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி உத்தரவை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி கோர்ட்டுக்குப் போனார். 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவு செல்லாது என்றது. சென்னை ராஜ்யமெங்கும் கொந்தளிப்பு. அதே வருஷம் அரசியல் சட்டத்தையே பார்லிமெண்டு திருத்தியது. அந்த முதல் திருத்தத்துக்கு வித்திட்டவற்றில் சென்னையிலிருந்து போன வழக்குகள் முக்கியமானவை. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகைக்கு ராஜாவின் சர்க்கார் விதித்த தடையை 1950-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது அவற்றில் இன்னொன்று.

அந்தத் தடை எதற்கு? கம்யூனிஸ்டுகளைக் கண்டு அரசாங்கம் மிரண்டிருந்த காலம். 1949-ல் அவர்களுடைய கட்சியே சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் சிறையில் கைதிகள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 22 பேர் மாண்டார்கள். அவர்களுக்கும் தாயார் உண்டு, பாட்டி உண்டு. தாமே சிறைக் கம்பி எண்ணிய ஒருவருடைய ஆட்சியில் இது நடந்தது. நல்லவர் என்பதற்காக இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, மழை பொய்த்தது. ரேஷன் அரிசியின் அளவு சுருங்கியது. குடியானவனோ, நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்கிறார்களே என்று கரித்துக் கொட்டினான். கைத்தறி நெசவாளர்கள் பிழைப்பில்லாமல் தவித்தார்கள். அடுப்படியில் புகைந்தால் அரண்மனையில் எரியும் என்பார்கள். எரிந்தது.

1952-ன் ஆரம்பத்தில் முதலாவது பொதுத் தேர்தல். வயது வந்த எல்லோருக்கும் வோட்டு, பெண்களுக்கும்தான். வட தேசத்தில் 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்த சுமார் 28 லட்சம் பெண்கள் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்ட வேடிக்கையும் அப்போது நடந்தது. நம் பக்கத்துப் பெண்களோ தைரியமாகப் பெயர் கொடுத்து, வரிசையில் நின்றார்கள்.

எங்கள் பெரியம்மா ஒருத்தி. சுந்தரபாண்டியத்தில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். ஆண்டாள் சந்நிதிக்குப் போகிறபோது கட்டுகிற புடவையைத்தான் அன்றைக்கும் கட்டிக்கொண்டு போனாளாம். அக்காலத்தில் ஒரே சீட்டில் முத்திரை குத்துகிற வழக்கம் இல்லை. ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒவ்வொரு பெட்டி; பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். நமக்கு வேண்டியவருடைய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். பார்லிமெண்டுக்கு ஒரு சீட்டு, சட்டசபைக்கு ஒரு சீட்டு.

பார்லிமெண்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றவர் காமராஜ். சட்டசபைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றவர் முதல் மந்திரி குமாரசாமி ராஜா. இருவருக்கும் ஒரே இரட்டைக் காளைச் சின்னம்.

காமராஜ் ஜயித்தார். ராஜா தோற்றார்.

பதவியில் இருக்கும் முதல் மந்திரி, சொந்தச் சீமையில், சொந்த ஜனங்களிடம் தோற்றார். அவர் மட்டுமா? பக்தவத்சலம், கோபால ரெட்டி முதலிய மந்திரிகளும் விழுந்தார்கள். 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 தான். சேலம் சிறையில் சுடப்பட்டார்களே, அந்தக் கம்யூனிஸ்டுகளின் கட்சிக்கு 62 இடங்கள்! மந்திரிசபை அமைக்க வழி தெரியாமல், ஓய்ந்திருந்த ராஜாஜியை அழைத்து வந்தார்கள். 1952 ஏப்ரலில் அவரிடம் பொறுப்பை ஒப்புவித்துவிட்டு ராஜா நகர்ந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, 1954 ஏப்ரலில், அந்த நாற்காலியில் காமராஜே வந்து உட்கார்ந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ரஷ்யாவில் ஸ்டாலின் 1953-ல் சாகும்வரை அதிகாரத்தை விடவில்லை. குருஷ்சேவைக் கூட இருந்தவர்களே சேர்ந்து 1964-ல் இறக்கினார்கள். அதன்பின் பத்திரிகைகளில் அவர் பெயரே வராமல் பார்த்துக்கொண்டார்கள். ராஜாவை இறக்கியது புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நின்ற எங்கள் பெரியம்மாவைப் போன்றவர்கள்.

அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. 1954-ல் ஒரிஸ்ஸாவுக்குக் கவர்னராகப் போய் 1956 வரையில் இருந்தார். 1957 மார்ச் 16-ந் தேதி காலமானார். அறுபது வயதுகூட நிரம்பவில்லை.

ராஜபாளையத்திலிருந்த தம் வீட்டை அவர் பொதுவுக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம். தாயில்லாப் பிள்ளைக்கு வீட்டின் அருமை தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கொடுத்தார்.

பெரியம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன்: "ரெண்டு சீட்டையும் காளை மாட்டுப் பெட்டியிலேதானே போட்டீங்க, பெரியம்மா?"

அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "ஒண்ணைப் போட்டேன்" என்றாள்.

"இன்னொண்ணு?"

"அவரு தங்கமான மனுஷன்டீ" என்றாள் பெரியம்மா. "ஆனா, அன்னிக்கு வீட்டிலே அரிசி இல்லே."